உக்கடத்தில் 2 ரூபாய்க்கு வாங்கிய தனியார் துறை

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளைப் பற்றிக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம் தேடி அங்கே போனேன். அது கிடைக்கவில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்த சிறுநூல் கட்டு ஒன்றுதான் கண்ணில் பட்டது. யாரோ ஒரு வக்கீலோ ஆடிட்டரோ போய்ச் சேர்ந்து, வீட்டைக் காலி செய்தவர்கள் எடைக்குப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சட்டைப் பையில் அடங்கும் அளவு, இருபது முப்பது பக்கம், எல்லாம் ஆங்கிலம். ஒன்றை உருவினேன். கடைக்காரர் 5 ரூபாய் சொல்லி 2 ரூபாய்க்கு இறங்கினார். மொத்தக் கட்டையும் 20 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். என்னிடம் பஸ்ஸுக்குப் போக 3 ரூபாய்தான் மிச்சம். அந்தக் கட்டை விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் வாங்கியது பட்ஜெட்டையும் வரியையும் பற்றிய ஒரு பேச்சு, எழுபதுகளில் அச்சானது. வெளியிட்டவர்கள் பம்பாயில், தாதாபாய் நவ்ரோஜி ரோட்டில் இருந்த ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ். உள்ளே இருந்ததைவிடப் பின்னட்டைதான் என்னை இழுத்தது. எங்களுக்குக் கட்சி கிடையாது, அரசியல் கிடையாது, 1956இல் தொடங்கினோம், தனியார் தொழில்முயற்சியைப் பற்றியும் அதற்கும் ஜனநாயக வாழ்க்கைக்கும் உள்ள உறவைப் பற்றியும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதே வேலை, அதற்காகச் சிறுநூல் போடுகிறோம், கூட்டம் நடத்துகிறோம், கட்டுரைப் போட்டி வைக்கிறோம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கீழே சந்தா விவரம். கல்லூரி மாணவர்களுக்கு 3 ரூபாய், நுழைவுக் கட்டணம் இல்லை. வருஷத்துக்கு 3 ரூபாய் கட்டினால் முதலாளித்துவம் தபாலில் வீட்டுக்கு வந்துவிடும் என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தோம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்போது சிவப்பு, மீதிப் பேர் திராவிடம். அந்தச் சிறுநூலோடு திரிந்ததற்கு எனக்கு ஒரு மாதம் 'டாட்டா' என்று பட்டப்பெயர் ஓடியது.

வீட்டிலும் அதே கதைதான். அப்பாவுக்குக் கணபதியில் கடைசல் பட்டறை. நான்கு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஆறு ஆட்கள். பம்ப் செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் எல்லாம் ஜாப் ஒர்க்கில் கடைந்து கொடுப்பார். சிறுநூலைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "என்ன கண்ணு இது, டாட்டா கம்பெனி நோட்டீஸா?" என்றார். தனியார் துறையைப் பற்றிய புத்தகம் என்று சொன்னேன். "அது அவங்க சமாச்சாரம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாமும் தனியார் துறைதானே என்று நான் கேட்டதற்கு, "நம்முது சொந்தத் தொழில்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் மனதில் இரண்டும் வேறு வேறு. தனியார் துறை என்றால் மில்லு, ஷேர், கார், டெல்லி. சொந்தத் தொழில் என்றால் காலையில் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெல்ட் தைப்பது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த பம்பாய் அமைப்பின் கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

ஃபோரத்தைத் தொடங்கியவர் ஏ.டி.ஷ்ராஃப். 1899இல் பிறந்த பார்சி, டாட்டா குழுமத்தில் இயக்குநர், நியூ இந்தியா அஷ்யூரன்ஸின் தலைவர். உலக வங்கியும் ஐ.எம்.எஃப்பும் உருவான 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு இந்தியக் குழுவில் போனவர். சாதாரண ஆள் இல்லை. அதே 1944இல் இன்னொரு காரியமும் செய்தார். ஜே.ஆர்.டி.டாட்டா, ஜி.டி.பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், லாலா ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய், அர்தேஷிர் தலால், ஜான் மத்தாய் ஆகியோரோடு எட்டாவது ஆளாக பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சுதந்திரம் வரப்போகிறது, 15 வருஷத்தில் நாட்டின் வருமானத்தைப் பல மடங்கு பெருக்க இதோ வழி என்று தொழிலதிபர்கள் எழுதிக் கொடுத்த திட்டம் அது. அதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அரசாங்கம் திட்டமிட வேண்டும், கட்டுப்பாடுகள் வேண்டும், அடிப்படைத் தொழில்களில் அரசுக்குப் பெரிய பங்கு வேண்டும் என்று கேட்டிருப்பவர்கள் முதலாளிகள். ஒட்டகத்தை வாய்யா வாய்யா என்று கூடாரத்துக்குள் கூப்பிட்டதே இவர்கள்தான் என்று சொன்னால் ரொம்பத் தப்பாகாது.

அப்புறம் ஒட்டகம் உள்ளே வந்தது. 1951இல் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது லைசென்ஸ் இல்லாமல் பெரிய தொழிற்சாலை தொடங்கவும் முடியாது, இருப்பதைப் பெரிதாக்கவும் முடியாது. 1955 ஜனவரியில் நம்ம ஆவடியில் காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம். (ஆவடி என்றால் இன்றைக்கு டாங்கித் தொழிற்சாலை ஞாபகம் வரும், ஆனால் இந்தியப் பொருளாதார வரலாற்றில் அந்த ஊர்ப் பெயர் ஏறியது இந்தத் தீர்மானத்தால்தான்.) 1956 ஜனவரி 19ஆம் தேதி ராத்திரி நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் ரேடியோவில் பேசினார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள், ஒரே அவசரச் சட்டம். செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. பிறந்தது. நடுவில் ஏப்ரல் 30ஆம் தேதி புதிய தொழில் கொள்கைத் தீர்மானம் வந்து, 17 தொழில்களின் எதிர்காலம் முழுக்க அரசின் பொறுப்பு என்றும், இன்னும் 12 தொழில்களில் அரசு படிப்படியாக முன்னால் வரும் என்றும் பட்டியல் போட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவரான ஷ்ராஃபுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். ஆனால் அவர் செய்த காரியம் எதிர்பார்க்கக்கூடியது அல்ல. டெல்லிக்குப் போய்த் தன் கம்பெனிக்காகத் தூது விட்டிருக்கலாம், மற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். கட்சி தொடங்கியிருக்கலாம். அவர் 1956 ஜூலையில் ஒரு பிரசார அமைப்பைத் தொடங்கி, பத்திரிகைகளில் அறிக்கை வெளியிட்டு, சிறுநூல் அச்சடிக்க ஆரம்பித்தார். தனியார் தொழிலைப் பற்றி ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரியாத ஒன்றை அரசியல்வாதி திட்டும்போது ஜனங்கள் கைதட்டத்தான் செய்வார்கள், அதனால் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் வழி என்பது அவர் கணக்கு. தனியார் முயற்சி மனிதனோடு பிறந்தது, மனிதன் உள்ள வரைக்கும் அதுவும் இருக்கும் என்ற அவருடைய வாசகம் சிறுநூல்களில் தவறாமல் இருக்கும். 1965இல் அவர் இறந்துபோனார். அதுவரைக்கும் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு அப்புறம் ஃபோரம் என்றால் நானி பால்கிவாலா. 1968இலிருந்து 30 வருஷத்துக்கு மேல் தலைவர். கேசவானந்த பாரதி வழக்கில் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் தொட முடியாது என்று 1973இல் 13 நீதிபதிகளில் 7 பேரைச் சொல்ல வைத்த வழக்கறிஞர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாமாவுக்கு அவர் வேறு காரணத்துக்காகத் தெரிந்தவர்.

மாமா, அம்மாவின் தம்பி, பம்பாயில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர். மாதுங்காவில் ஒற்றை அறை வீடு. ஊழியர் சங்கத்தில் தீவிரமான ஆள். 1992இல் வேலை தேடிப் போய் அவர் வீட்டில் மூன்று மாதம் கிடந்தேன். மன்மோகன் சிங் பிப்ரவரி 29ஆம் தேதி பட்ஜெட் போட்டிருந்தார். மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் மாமா ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து, "கிளம்பு மாப்ள, ஒரு கச்சேரிக்குப் போலாம்" என்றார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்றுதான் நினைத்தேன். மாதுங்கா ரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் சர்ச்கேட் வண்டியில் ஏற்றினார். இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் பிரபோர்ன் ஸ்டேடியம். கிரிக்கெட் மைதானத்தில் பட்ஜெட்.

அதுவரை நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. மைதானத்தில் நாற்காலி, காலரியில் ஜனங்கள், பல்லாயிரம் பேர். குஜராத்திக் கடைக்காரர்கள், பார்சிக் கிழவிகள், சி.ஏ. படிக்கும் பையன்கள், எங்களைப் போல டிபன் டப்பா பையோடு வந்த ஆபீஸ் ஆட்கள். 72 வயசுக்காரர் ஒருவர் மேடையில் நின்று கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் பேசினார். வருமானவரி, சுங்கவரி, பற்றாக்குறை, போன வருஷத்து எண், இந்த வருஷத்து எண், எல்லாம் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தன. என் ஆங்கிலத்துக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் சுற்றி இருந்தவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், சிலர் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1958இல் கிரீன் ஹோட்டல் என்ற பழைய ஹோட்டலில் ஒரு சின்ன ஹாலில் ஆரம்பித்த வருஷாந்திரப் பேச்சு இது. அந்த வருஷத்து பட்ஜெட்டை நேருவே போட்டார் என்பது ஒரு வேடிக்கை. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி முந்த்ரா விவகாரத்தில் பதவி விலகியிருந்தார். புத்தம் புதிய எல்.ஐ.சி., ஜனங்களின் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடியை ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போட்ட விவகாரம் அது. ஃபோரத்துக்கு இதைவிட நல்ல பாடப் பொருள் கிடைத்திருக்காது. தேசியமயமானால் பணம் பத்திரம் என்றார்களே, பார்த்தீர்களா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியவர் யார்? அவரும் தனியார் துறைதான். இந்த இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன், "நீங்க யூனியன் ஆளுங்க மாமா, உங்களுக்கு இங்கே என்ன வேலைங்க?"

"பேங்க் நேஷனலைஸ் ஆனப்ப லட்டு குடுத்தவன் நான் மாப்ள" என்றார். "இந்த மனுஷன்தான் சுப்ரீம் கோர்ட்டுல அதை உடைச்சது. நாலு நாள்ல கவர்மென்ட் மறுபடி ஆர்டினன்ஸ் போட்டுது. நான் மறுபடி லட்டு குடுத்தேன்."

கணக்கு சரிதான். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயம், 1970 பிப்ரவரி 10இல் ஆர்.சி.கூப்பர் வழக்கில் தீர்ப்பு, பிப்ரவரி 14இல் புது அவசரச் சட்டம்.

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வர்றீங்க?"

"என் சம்பளத்துல எவ்வளவு புடிப்பாங்கன்னு இவரு சொன்னாத்தான் புரியுது."

மாமா சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் ஃபோரத்தின் சாதனையைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான மதிப்பீடு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மாமாவின் கொள்கையை அவர்கள் ஒரு இம்மிகூட மாற்றவில்லை. பட்ஜெட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பட்ஜெட் என்றால் பேப்பரில் சிகரெட் விலை ஏறியதா, சினிமா டிக்கெட் ஏறியதா என்று பார்ப்பதோடு சரி. 1973-74இல் உச்ச வரி வீதம் சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம். 2 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நிற்பது 2 ரூபாய் 25 பைசா, அதற்கு மேல் சொத்து வரி வேறு. நான் உக்கடத்தில் வாங்கிய சிறுநூலில் இந்த மாதிரிக் கணக்குதான் நிறைய. பி.காம். மாணவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத ஒரு விஷயம் அதிலிருந்து கிடைத்தது. அப்படி வரி போட்டால் யாரும் கட்டமாட்டார்கள், கணக்கில் வராத பணமாக ஒதுங்கிவிடும் என்பது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், எம்.ஆர்.பை. மேடையில் பால்கிவாலா என்றால் பின்னால் இருந்து ஃபோரத்தை ஓட்டியவர் இவர். மாணவர்களுக்கான முகாம்கள், பேச்சுப் போட்டிகள், சிறுநூல்கள் எல்லாம் இவர் கை பட்டவை. அதோடு நில்லாமல் வங்கியில் பணம் போட்டவர்களுக்காகவும் டெலிபோன் வைத்திருந்தவர்களுக்காகவும் கடிதம் எழுதி எழுதியே போராடிய ஆள். தனியார் தொழிலைப் பற்றிப் பேசும் அமைப்பிலிருந்து இப்படி ஒரு வாடிக்கையாளர் போராளி வந்தது எனக்குப் பிடித்திருந்தது. சந்தையை நம்புகிறவன் வாங்குகிறவன் பக்கம்தான் முதலில் நிற்க வேண்டும். மாமாவுக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது. டெபாசிட்காரர்கள் வங்கிக் கவுன்டருக்கு வந்து சட்டம் பேசுவதற்கெல்லாம் காரணமே அந்தப் பை என்று திட்டுவார். முதலாளிகளின் ஆள் என்று திட்டப்பட்ட ஒருவர் வங்கி குமாஸ்தாக்களை வேலை வாங்கிய கதை இது, சிரிக்காமல் எப்படி எழுதுவது.

சரி, இப்போது கணபதிக்கு வருகிறேன்.

நான் சின்னப் பையனாக இருக்கும்போது, 1978 வாக்கில், அப்பா ஒரு ஃபவுண்டரி போட ஆசைப்பட்டார். வார்ப்படத்தை வெளியே வாங்கிக் கடைந்து கொடுப்பதில் ஒன்றும் மிஞ்சவில்லை, நாமே பம்ப் பாடியை வார்த்தால் நாலு காசு நிற்கும். வார்க்க வேண்டிய பிக் அயர்னுக்கும் உலையில் போடும் கோக் கரிக்கும் அப்போது கோட்டா, அரசு ஒதுக்கினால்தான் கிடைக்கும். மார்க்கெட்டில் வாங்கினால் விலை தாங்காது. சிறுதொழில் என்று பதிவு செய்து, மிஷின் எண்ணிக்கை காட்டி, உற்பத்தித் திறன் சான்று வாங்கி, அப்புறம்தான் ஒதுக்கீடு. அப்பா ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார். எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு. ஃபவுண்டரியே இல்லாமல் சான்று எப்படித் தருவது என்பது அவர்கள் கேள்வி. இரும்பு இல்லாமல் ஃபவுண்டரி போட்டு என்ன வார்ப்பது என்பது அப்பாவின் கேள்வி. 14 மாதம் போனது. இடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸும் போனது. அதே காலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒருவர் பட்டறையே இல்லாமல் லெட்டர் பேடில் இரண்டு கம்பெனி வைத்திருந்தார். அவருக்கு மாதா மாதம் ஒதுக்கீடு வந்தது. லாரி கிடங்கிலிருந்தே வேறு ஊருக்குப் போய்விடும், அவர் இரும்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஊரில் முதன்முதலில் ஃபியட் கார் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அப்பாவும் தனியார் துறை, அவரும் தனியார் துறை. ஒருவர் பொருள் செய்தார், இன்னொருவர் அனுமதியை விற்றார். இந்த வித்தியாசத்தைத்தான் நான் அந்தச் சிறுநூல்களில் தேடினேன். பிற்பாடு, பழைய சிறுநூல்கள் நிறைய இணையத்தில் இலவசமாக ஏறிய பிறகு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். அரசாங்கத்தின் தப்பை அவர்கள் எழுதிய அளவுக்கு வேறு யாரும் அவ்வளவு தெளிவாக எழுதவில்லை, அதில் சந்தேகமே இல்லை. பலன் யாருக்குப் போனது என்பதில்தான் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. லைசென்ஸ் முறையைப் பற்றி அரசே கேட்டு வாங்கிய ஆர்.கே.ஹசாரியின் அறிக்கை அறுபதுகளின் கடைசியில் வந்தது. பெரிய குழுமங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பம் போட்டு லைசென்ஸை வாங்கி முடக்கிவைத்து மற்றவர்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று அது சொன்னது. பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே பிர்லாவின் குழுமம். கூடாரத்துக்குள் ஒட்டகம் வந்ததில் எல்லோருக்கும் நஷ்டம் இல்லை, சிலர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஷ்ராஃப் தொழிலதிபர்களுக்கு நடத்தை நெறி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வலியுறுத்தியவர்தான். ஆனால் அந்த நெறியை மீறியவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் சிறுநூலை நான் இன்னும் பார்க்கவில்லை. சந்தாவும் நன்கொடையும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் இது பெரிய புதிரும் இல்லை.

இதனால் அது வெறும் விளம்பரக் கம்பெனி என்று சொல்லிவிடலாமா? என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. தாங்கள் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை, பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். நடுநிலை என்று போர்டு மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்த பாடப்புத்தகங்களை நான் பி.காமில் மூன்று வருஷம் படித்திருக்கிறேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் குழுவில் பி.ஆர்.ஷெனாய் ஒருவர் மட்டும் 1955இல் மறுப்புக் குறிப்பு எழுதினார். இவ்வளவு பற்றாக்குறை வைத்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி முட்டும் என்றார். இரண்டு வருஷத்தில் செலாவணி முட்டியது. அந்தக் குறிப்பைப் பற்றி எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. ஃபோரத்தின் சிறுநூல்களைப் படித்துத்தான் அப்படி ஒருவர் இருந்தார் என்றே தெரிந்துகொண்டேன்.

என் மனத்தாங்கல் வேறு. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் ஹாலும் ஸ்டேடியமும். தனியார் முயற்சி என்றால் என்ன என்று கற்பிக்க வேண்டியது யாருக்கு? தினமும் அதைச் செய்துகொண்டு, அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாமல், கோட்டா கிடைக்காததற்குத் தன் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டிருந்த எங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு. லெட்டர் பேடுக்காரனுக்கு இரும்பு வந்து தனக்கு வராததை அப்பா, "அவன் ராசி அப்படி" என்று முடித்துக்கொண்டார். அது ராசி இல்லை, ஒரு ஏற்பாடு என்று அவருக்கு அவர் மொழியில் யாரும் சொல்லவில்லை.

தமிழில் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ராஜாஜி இருந்தார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அதற்குப் பெயர் வைத்தவரே அவர்தான். 80 வயசில், 1959இல், சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். கல்கியில் தமிழிலும் எழுதினார். ஆனால் பாடம் கட்சியாக மாறியதும் அதன் கதி தேர்தல் கணக்காகிவிட்டது. 1967இல் தி.மு.க. கூட்டணியில் சட்டசபைக்கு 20 இடம், நாடு முழுக்க மக்களவைக்கு 44 இடம், அப்புறம் சில வருஷங்களில் கட்சியே கரைந்தது. எங்கள் ஊரில் வேறு ஒரு வகை ஆசிரியர் இருந்தார், ஜி.டி.நாயுடு. வரிக் கொடுமையை எதிர்த்துத் தான் தயாரித்த பொருள்களைத் தானே உடைத்துக் காட்டினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு பால்கிவாலா யாரென்று தெரியாது, நாயுடு உடைத்தது தெரியும். ஆனால் ஏன் உடைத்தார் என்று கேட்டால், "மனுசனுக்குக் கோவம்" என்பார், அவ்வளவுதான்.

என்டர்பிரைஸ் என்ற சொல்லையே நாம் சரியாகத் தமிழில் பிடிக்கவில்லையோ என்றும் தோன்றும். தனியார் முயற்சி என்றார்கள், தொழில்முனைவு என்கிறார்கள். இரண்டும் கூட்ட மேடைத் தமிழ். கொங்குப் பக்கம் 'தொழில் பண்றான்' என்று சொல்லும்போது அந்தத் 'தொழில்' என்ற சொல்லில் இருக்கும் நிமிர்வு வேறு. 'வேலைக்குப் போறான்' என்பதற்கு எதிர்ச்சொல் போல அதைச் சொல்வார்கள். ஒரு சிறுநூல், ஒரே ஒரு சிறுநூல், அந்தச் சொல்லில் ஆரம்பித்து எழுதியிருந்தால் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒவ்வொரு பட்டறை அலமாரியிலும் இருந்திருக்கும், வாரச் சம்பளக் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில்.

1991க்கு அப்புறம் கோட்டா ஒவ்வொன்றாகப் போனது. பிரபோர்ன் பேச்சும் 1994ஓடு நின்றது. பால்கிவாலா 2002 டிசம்பரில் காலமானார். அவர் சென்னையின் சங்கர நேத்ராலயாவுக்கு 2 கோடி ரூபாய் கொடுத்தவர் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் அறிந்தேன். மாமா மாதுங்காவை விட்டு வந்து இப்போது வடவள்ளியில் இருக்கிறார். பட்ஜெட் அன்று டிவியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்துவிட்டு சத்தத்தை நிறுத்திவிடுவார்.

அப்பா 2009இல் இறந்தார். பட்டறையைக் காலி செய்யும்போது, பெல்ட் டப்பா வைக்கும் மர அலமாரியில் அந்த உக்கடத்துச் சிறுநூல் கிடைத்தது. வீட்டிலிருந்து எப்போது எடுத்துப் போனாரோ தெரியாது. எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் சுருண்டு கிடந்தது. படித்திருப்பாரோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. புரட்டிப் பார்த்தேன். பக்கங்கள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னட்டையில், மாணவர் சந்தா 3 ரூபாய் என்று அச்சாகியிருந்த இடத்துக்கு மேலேயே, பென்சிலில் அவர் கையெழுத்து. 3 ஹெச்.பி. பாடி என்று போட்டு, கிலோ எடை, வார்ப்படக் கூலி, கடைசல் கூலி, ரிஜெக்‌ஷனுக்கு நூற்றுக்கு எட்டு. கீழே கோடு போட்டு மிச்சம் என்று எழுதி, தொகையை ஒருமுறை அடித்துவிட்டுக் குறைத்து எழுதியிருந்தார்.